பல்லுமலைப் பொந்தில் இரண்டு கை

பல்லுமலையில் கல் தேடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாறைக்குள் பளிங்குக் கல் விளைந்திருக்கும் பொந்தைக் கண்டவர், அன்றைக்கே கல்லை எடுக்க முடியாவிட்டால், பொந்தின் வாயைச் செங்களியால் அடைத்து, ஈரம் காயுமுன் உள்ளங்கையை அதில் பதித்துவிட்டுப் போவார். கை பதிந்த பொந்தை வேறு யாரும் தொடமாட்டார்கள். இரண்டு பேர் கூட்டாகக் கண்டிருந்தால் இரண்டு கை பதியும், திறக்கும்போது இரண்டு பேரும் நிற்க வேண்டும். யார் போட்ட சட்டமென்று எவருக்கும் தெரியாது. கிண்ணியாவிலிருந்தும் வெள்ளைமணலிலிருந்தும் விறகுக்கென்று மலையேறி, விறகுக்கட்டின் நடுவில் கல்லை மறைத்துக்கொண்டு இறங்குகிற சிலருக்குள் அது நின்று நிலைத்திருந்தது. வன இலாகாவுக்குப் பயப்படுகிறவர்கள்கூட அந்தக் கைக்கு மேலே கை வைக்கப் பயந்தார்கள்.

மலையின் கிழக்குச் சரிவில் இருந்த பொந்தைக் கண்டவள் அசனா. எறும்புதான் காட்டிக் கொடுத்தது. அவளுடைய ராத்தா, மூத்தவள் நப்லா, கீழே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அசனா ஒரு பாறையின் முகட்டுக்குக் கீழே குந்தியிருந்து மூச்சு வாங்கினாள். காலடியில் கட்டெறும்புகள் மண்ணைக் கொண்டுவந்து குவித்திருந்தன. அந்தக் குவியல் வெயிலில் மினுங்கியது. அவள் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். கண்ணாடித் தூள் போல விரலில் குத்தியது. எறும்பு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனபோது, வெள்ளைக்கல் நரம்பு ஓடிய இடத்தில் ஒரு கை நுழையுமளவு ஓட்டை இருந்தது.

பிஸ்மி சொல்லிக் கையை உள்ளே விட்டாள். தோள்மூட்டு வரைக்கும் போனது. உள்ளே குளிர்ந்த சேறு. சேற்றுக்கப்பால் விரல் நுனியில் ஒரு முனை பட்டது. பக்கத்தில் இன்னொன்று, ஆறு பக்கமும் சீவின பென்சில் மாதிரி. கையை விரித்தாள். எங்கே தொட்டாலும் முனை. இருட்டில் ஒரு பெரிய அன்னாசிப்பழத்தைத் தடவுவது போல இருந்தது. ஒரே அடியில் விளைந்த முழுக் கொத்து. அப்படி ஒன்றை அந்த மலையில் யாரும் எடுத்ததாக அவள் கேள்விப்படவில்லை. இதுவரை அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் விரலளவு ஒற்றைக் கற்கள்தான்.

"ராத்தா," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டாள்.

அசனா சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பார்களே என்ற பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் போய் அடுப்போடு நின்றுவிடுவாள். மலையில் மட்டும் அவளுக்கு நாக்கு அவிழும், அதுவும் ராத்தாவிடம் மட்டும்.

நப்லாவின் கை முழங்கைக்கு மேல் உள்ளே போகவில்லை. "எனக்கு ஒண்டும் தட்டுப்படேல்லையே," என்றாள்.

"உங்கட கை மொத்தம் ராத்தா, ஓட்டைக்குள்ள போகாது. நான் தொட்டனான். முழுக் கொத்து."

"நிறம்?"

"விரலுக்குக் கண்ணா இருக்கு? வெளியில வந்தாத்தான் தெரியும்."

"சரி. நீ தொட்டதை நீதான் முதல்ல பார்க்கோணும். நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், போதுமா?" என்று நப்லா சிரித்தாள்.

அந்த ஒரு சொல் அசனாவுக்குப் போதுமாக இருந்தது. பூமிக்குள் எவருடைய கண்ணும் படாமல் கிடந்த ஒன்று, வெளிச்சத்துக்கு வரும்போது முதலில் தன்னைப் பார்க்கும். கல்லை விற்பதைப் பற்றி ராத்தா யோசிக்கட்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பார்வை.

ஆனால் அன்றைக்கு எடுக்க ஏலாது. மாரி தொடங்கிவிட்டது. பொந்துக்கு மேலே நின்ற பாறைப் பலகைக்குள் தண்ணீர் இறங்கி, தட்டினால் ஆடியது. அதன் கீழே இரும்பு அலவாங்கை விட்டு நெம்பினால் கொத்தும் நொறுங்கும், ஆளும் நசியும். காய்ந்த பிறகு வருவோம் என்று இருவரும் களி பிசைந்து வாயை அடைத்தார்கள். முகடு நீண்டிருந்ததால் மழை அங்கே படாது. நப்லா மோதிரத்தோடு தன் வலது கையைப் பதித்தாள். பக்கத்தில் அசனா தன் வலது கையைப் பதித்தாள்.

அசனாவின் சின்னவிரல் நேரானதல்ல. போன வருஷம் இதே மலையில் நப்லா பிடித்த அலவாங்கு வழுக்கி அந்த விரலில் விழுந்தது. எலும்பு கோணலாகப் பொருந்தி, விரல் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. அன்றைக்கு அசனாவைவிட நப்லாதான் அதிகம் அழுதாள்.

இப்போது களியில் பதிந்ததைப் பார்த்து, "பார், உன்ட நாலு விரலும் கிண்ணியாவுக்குப் போகுது, சின்னவன் மட்டும் திருகோணமலைக்கு பஸ் ஏறிட்டான்," என்றாள். இருவரும் மலை அதிரச் சிரித்தார்கள்.

மாரி முழுக்க அசனா காத்திருந்தாள். மழை கூரையில் அடிக்கும்போதெல்லாம் பலகைப் பாறை இறங்கிவிடுமோ என்று எழுந்து போய் வானத்தைப் பார்த்தாள். தேங்காய் துருவும்போதும் உடுப்புத் துவைக்கும்போதும் அவளுடைய விரல்கள் அந்த முனைகளைத் தேடின.

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய நாளொன்றில், அடுத்த தெருவில் இருந்த நப்லா வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அசனா, கல்லை எடுத்த உடனே வெயிலில வைக்கக் கூடாதெண்டு சொன்னனீயே. ஏன்?"

"வெடிக்கும் ராத்தா. நினைவில்லையா, நான் முந்தி ஒண்டைக் கொண்டுவந்து கிணத்துக் கட்டில வைச்சனான். டிக் எண்டு ரெண்டாப் போச்சு. உள்ளுக்குக் குளிரில கிடந்தது, சூடு தாங்காது."

"அப்ப என்ன செய்யோணும்?"

"சேத்தைக் கழுவாம, அப்பிடியே ஈரச் சாக்கில சுத்தி, தண்ணிக்குடத்துக்குப் பக்கத்தில வைக்கோணும். சாக்கு தானாக் காயட்டும். பிறகுதான் கழுவுறது. அதுவும் பச்சைத் தண்ணியில."

"வேற ஆருக்கும் இதைச் சொன்னனீயா?"

"நான் ஆரோட கதைக்கிறன், உங்களை விட்டா?"

நப்லா, துருவின தேங்காயில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ராத்தாவுக்கும் கல்லில் ஆசை வந்துவிட்டதென்று அசனாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு ராத்தாவுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒருநாள் தலையிடி. ஒருநாள் புருஷன் றுவைஸின் ஆட்களுக்குச் சமையல். றுவைஸ் ஓட்டோ ஓட்டுகிறவர். உப்புவெளியில் வெளிநாட்டுக்காரருக்குச் சங்கும் சிப்பியும் கல்லும் விற்கும் இஹ்ஸானின் கடைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவது அவருடைய தொழில். அந்தக் கடையில் அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று உம்மா சொன்னபோது, "நல்லது," என்றாள் அசனா. அதற்கும் தன் பொந்துக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

கடைசியில் இருவரும் புறப்பட்டார்கள். பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது நப்லா ஓயாமல் கதைத்தாள். உம்மாவின் முழங்கால் வலி, அடுத்த வீட்டுக் கலியாணம், மீன் விலை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கிடையில் தெரியத் தொடங்கியதும் அசனா முந்தானைக்குள் பழைய பல்தூரிகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொத்தின் ஒரு முனையில் மட்டும் சேற்றைத் துடைத்துப் பார்க்கப் புதிதாகக் கழுவி எடுத்து வந்திருந்தாள்.

மலையேறும்போது அசனா முன்னால் போனாள். வழக்கத்தில் நப்லாதான் முன்னால் போய் முள்ளை விலத்துவாள்.

பொந்தின் முன்னால் போய் அசனா நின்றாள். களி அடைப்பு இருந்தது. இரண்டு கையும் இருந்தன. அவளுக்கு நெஞ்சு ஆறியது, ஆனால் ஆறியபடி இருக்கவில்லை. மாரி முழுக்கக் காய்ந்த களி வெடித்துப் பாளமாகப் பிரிந்திருக்க வேண்டும். இதில் ஒரு கீறல் இல்லை. நிறமும் கறுப்புச் சிவப்பாக, பிசைந்து அதிக நாளாகாத களியின் நிறமாக இருந்தது.

குனிந்து பார்த்தாள். இடதுபக்கம் மோதிரத் தடத்தோடு நப்லாவின் கை. வலதுபக்கம் மற்றக் கை, மோதிரமில்லாமல். ஐந்து விரலும் நேராக இருந்தன. சின்னவிரலும் நேராக இருந்தது.

அசனா தன் வலது கையைத் தூக்கி, களியில் படாமல், அந்தப் பதிவுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். நான்கு விரலுக்கும் இடம் இருந்தது. சின்னவிரல் வெளியே நின்றது.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு ராத்தா தன் கையையே இரண்டாம் தரமும் பதித்திருக்கிறாள். கொஞ்சம் மெல்ல அழுத்தினால் சின்னக் கையாகத் தெரியுமென்று நினைத்திருப்பாள். அந்த விரலை மட்டும் மறந்துவிட்டாள். தானே அலவாங்கு போட்டு முறித்த விரல், தானே பார்த்துச் சிரித்த விரல்.

"என்னடி பார்க்கிறாய்? விலகு, நான் உடைக்கிறன்," என்றாள் பின்னால் வந்த நப்லா.

அடைப்பை உடைப்பது எப்போதும் அசனாவின் வேலை. அவள் விலகினாள். ராத்தா இப்போது சொல்லுவாள் என்று நினைத்தாள். அலவாங்கை ஓங்கும் முன்பு, ஓங்கிய பிறகு, முதல் கட்டி விழும்போது. ஒவ்வொரு தரமும் அவள் ராத்தாவின் வாயைப் பார்த்தாள். நப்லா முதல் அடியை அந்த இரண்டு கைகளின் மேலேயே போட்டாள். களி முழுவதும் விழுந்ததும் பொந்தின் வாய் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது தெரிந்தது. ஓரமெல்லாம் புதிதாக உடைந்த பாறையின் வெள்ளை. ஆடிய பலகைப் பாறை பக்கத்தில் முள்ளுப் பற்றைக்குள் கிடந்தது.

"கையை விடு. பிஸ்மி சொல்லு," என்றாள் நப்லா. "நான் கண்ணை மூடுறன்."

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டாள்.

அசனா கையை விட்டாள். சேறு இருந்தது. சேற்றுக்கப்பால் பாறை இருந்தது, பல் பிடுங்கின ஈறு மாதிரி. ஒரு மூலையில் நெற்பொரியளவு ஒரு துண்டு கிடைத்தது. அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு கையை எடுத்தாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையோ?" நப்லா கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ். அப்ப இவ்வளவு காலமும்?" அவள் அசனாவின் தோளில் கையைப் போட்டாள். "அசனா, மனசை விடாத. நீ அண்டைக்குப் பாறையைத் தொட்டிருப்பாய். குளிரில விரல் விறைச்சாப் பாறையும் முனை மாதிரித்தான் இருக்கும். எனக்குத்தான் அண்டைக்கே ஒண்டும் தட்டுப்படேல்லையே. நீ ஆசையில கொத்தெண்டு நினைச்சிட்டாய்."

களவு போனது என்று அவள் சொல்லியிருந்தால் அசனா ஒருவேளை பேசாமல் இறங்கியிருப்பாள். அவள் தொட்டதே பொய் என்று ஆக்கியதுதான் தாங்கவில்லை. பூமியில் அவள் ஒருத்தி மட்டும் அறிந்திருந்த ஒன்று. அதையும் அவளுடைய விரலிலிருந்து பிடுங்கப் பார்க்கிறாள்.

ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது. அந்த நிமிஷம் அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வெடிச்சதா ராத்தா?"

"இல்லை," என்றாள் நப்லா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. தோளில் கிடந்த கை மெல்ல இறங்கியது. கீழே உள்துறைமுகத்தில் ஏதோ ஒரு படகின் இயந்திரச் சத்தம் வந்து, நின்று, மறுபடியும் வந்தது.

"ஈரச் சாக்கிலதான் வைச்சனான்," என்றாள் நப்லா கடைசியில், நிலத்தைப் பார்த்து. "நீ சொன்ன மாதிரியே. ஒரு முனைகூட உடையேல்லை." பிறகு அவசரமாக, "அவருக்கு ஒரு வழி வேணுமேடி. எத்தனை காலத்துக்கு இன்னொருத்தன்ட கடை வாசல்ல ஆள் இறக்கிறது? கொத்தைக் கொண்டுவந்தா பங்காளி எண்டு இஹ்ஸான் நானா சொல்லிப் போட்டார். உனக்கென்ன, நாளைக்கும் ஒண்டு கண்டுபிடிப்பாய். உன்ட கண்ணுக்குத்தான் எறும்பும் வந்து சொல்லுதே."

"கேட்டிருந்தாத் தந்திருப்பன்."

"தெரியும்."

"பிறகேன்?"

நப்லா கையில் ஒட்டியிருந்த களியைத் தட்டிவிட்டாள்.

"என்ன நிறம்?" என்று அசனா கேட்டாள்.

"அடியில வெள்ளை. மேல போகப் போக ஊதா. முனையெல்லாம் நாவல்பழம் திண்ட வாய் மாதிரி." சொல்லும்போது அவளை அறியாமல் நப்லாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த அசனாவுக்குத்தான் கண் நிறைந்தது.

"நீங்களாவது முதல்ல பார்த்தீங்களா?"

நப்லா தலையை ஆட்டினாள், இல்லையென்று. "அவர்தான் கைபோன்ல லைட் அடிச்சுப் பார்த்தவர். நான் சாக்கை நனைச்சுக்கொண்டு நிண்டனான்."

அசனா உள்ளங்கையைத் திறந்தாள். நெற்பொரியளவு துண்டில் சேறு ஒட்டியிருந்தது. வெள்ளையோ ஊதாவோ தெரியவில்லை. பல்தூரிகை முந்தானைக்குள் இருந்தது, அவள் எடுக்கவில்லை. துண்டைத் திரும்பவும் பொந்துக்குள் போட்டாள்.

"எங்கட கொத்து இப்ப எங்க?"

"நேத்தே கடையில விலைப்பட்டுப் போயிட்டுது," என்றாள் நப்லா. பிறகு கீழே குந்தி, விழுந்த களிக் கட்டிகளை ஒன்று சேர்த்துப் போத்தல் தண்ணீரை அதில் ஊற்றினாள். "மூடிட்டுப் போவம் அசனா. இப்பிடி வாயைத் திறந்து கிடந்தா மலைக்கு வாற சனம் கதைக்கும். ரெண்டு கை வைச்ச பொந்தை உடைச்சது ஆரெண்டு கேக்கும். வா, கையை வை."

"என்ட கையையும் நீங்களே வைச்சிடுங்க ராத்தா," என்றாள் அசனா. "போன முறை மாதிரி."

அலவாங்கை அவள் எடுக்கவில்லை. விறகும் கட்டவில்லை. வெறுங்கையோடு சரிவில் இறங்கினாள். பின்னாலே களி பிசைகிற சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது. பிறகு அது நின்றது. ராத்தா ஒரு கை பதித்தாளா, இரண்டு கை பதித்தாளா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முள் விலத்த ஆளில்லாத வழியில் கவனமாகக் கால் வைத்து, பஸ் வரும் வீதியை நோக்கி நடந்தாள்.