பதினெட்டு வியாழக்கிழமைகள்

கரிசல்புரத்தில் ஆனி முதல் தேதியிலிருந்து எல்லா நாளும் வியாழக்கிழமையாக இருந்தது. அதற்குக் காரணம் செண்பகவல்லிதான்.

அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மூட்டுவாதப் பிரிவு வியாழக்கிழமை மட்டும் திறக்கும். முன்னூறு பேர் வருவார்கள். நிற்க முடியவில்லை என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் நாலு மணி நேரம் நின்றுவிட்டு, டோக்கன் முடிந்தது என்று கேட்டுத் திரும்புவார்கள். செண்பகவல்லி லேசில் விடுகிற ஆள் இல்லை. மூட்டுவாதக்காரர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, தானே செயலாளராகி, பத்து விரலும் கோணிக்கொண்ட கையால் நாற்பத்தோரு மனு எழுதினாள். பிரிவைத் தினமும் திறக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. நாற்பத்தோராவதற்குத் தாலுகா ஆபீசிலிருந்து பதில் வந்தது. விதியில் வியாழக்கிழமை என்று இருப்பதை மாற்ற வழியில்லை. கிழமைகளை மாற்றத் தடையேதும் இல்லை. ஆகவே ஊர் எல்லைக்குள் இனி எல்லா நாளும் வியாழக்கிழமை என உத்தரவிடப்படுகிறது. கீழே பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. பள்ளியில் வியாழக்கிழமை கணக்குப் பாடம் கிடையாது என்பதால் பிள்ளைகள் புகார் சொல்லவில்லை. தட்சிணாமூர்த்திக்குத் தினமும் மாலை கட்டியதில் கடைகளில் கொண்டைக்கடலை தீர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை போடுகிற கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் வரிசை குறைந்து, உட்கார நாற்காலியும் போட்டார்கள். சங்கத்தார் செண்பகவல்லிக்குச் சால்வை போர்த்தியபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எட்டாவது வியாழக்கிழமை ரெஜினா வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து செண்பகவல்லியின் சொல்லைத் தட்டாதவள். வந்ததும் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கும் உள்கன்னமும் வெந்துபோனாற்போல் இருந்தன.

"தண்ணி குடிச்சாலே எரியுதுக்கா. நேத்துலருந்து காய்ச்சல் வேற."

"மஞ்ச மாத்திரைய எப்படிட்டி போடுத?"

"நீங்க சொன்னபடிதான். வியாழக்கிழமை, வியாழக்கிழமை."

அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் போட்டால் மூட்டைக் காப்பாற்றும். தினமும் போட்டால் ரத்தத்தைக் கெடுத்து ஆளையே சாய்த்துவிடும். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை வற்றச் சொன்னவள் செண்பகவல்லி. மறந்துவிடக் கூடாதே என்று எல்லோருடைய மாத்திரை அட்டையிலும் 'வியாழன் மட்டும்' என்று மார்க்கரால் எழுதிக் கொடுத்தவளும் அவளே. ரெஜினா நீட்டிய அட்டையில் அந்தக் கையெழுத்துக்குக் கீழே எட்டுக் குழிகள் காலியாக இருந்தன.

"இனிமே போடாத."

"நாளைக்கும் வியாழக்கிழமைல்லாக்கா," என்றாள் ரெஜினா மரியாதையாக.

அன்றே அவளை வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் நவநீதன் நல்ல மனிதர். பேசும்போது செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திரையை நிறுத்தணும்னா ரத்த ரிப்போர்ட் வேணும்மா. அது இல்லாம நான் சீட்டுல கை வைக்க முடியாது. லேப்ல திங்கக்கிழமைதான் ரிப்போர்ட் குடுப்பாங்க."

"அதுவரைக்கும் இவளுக்கு?"

"சீட்டுல வியாழக்கிழமைன்னு இருக்கு. சிஸ்டர் குடுத்திருவாங்க."

சங்கத்தில் அதே மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் பதினைந்து பேர். எல்லோரையும் இழுத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். லேப்காரர் காசிராஜன் வேலையில் சுத்தம். ராகுகாலம் முடிந்ததும் பதினாறு தாளையும் மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டார். கண்ணாடி வழியே பெயர்கள்கூடத் தெரிந்தன.

"அந்தா இருக்கு பாருங்க, ரெடியா," என்றார். "திங்கக்கிழமை வந்து வாங்கிக்கங்க."

அங்கிருந்து தாலுகா ஆபீசுக்குப் போனாள். கிழமைகளைத் திருப்பித் தரச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்றாள். மனு வாங்குவது திங்கட்கிழமை என்று எழுத்தர் மீனாம்பிகை சொன்னாள். செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம் போகும் என்று அடக்கிக்கொண்டாள்.

ஊர் எல்லைக்கு வெளியே கிழமைகள் பழையபடிதான் இருந்தன. அடுத்த ஊர் டீக்கடைக்கு போன் செய்து கேட்டாள். அங்கே அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் ரெஜினா இன்னும் இரண்டு மாத்திரை விழுங்கியாக வேண்டும். ஒன்பதாவது வியாழக்கிழமை அவளால் எச்சில் விழுங்க முடியவில்லை. பத்தாவது வியாழக்கிழமை காலையில் சிஸ்டர் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, கரிசனத்தோடு ஊட்டினாள். ரெஜினாவின் கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன.

அதைப் பார்த்துவிட்டுத்தான் செண்பகவல்லி அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினாள். படி உயரம். கம்பியில் முழங்கையைக் கோத்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டாள்.

டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தார்.

"பாதி நாள் ஓடிட்டே. பரவால்லையா?"

"இருக்கிறதக் குடுங்கண்ணாச்சி."

"பொழுது சாயுததுக்குள்ள தொறந்துரணும். சாஞ்சா செவ்வாயாயிரும்."

தாளை மடித்து, அவள் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியை இறுகத் திருகிக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கையிலிருந்த வடையைத் தின்றுவிட்டுச் செவ்வாய்க்கிழமை வேலைகளைப் பார்க்கப் போனார்கள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று நின்று நிதானித்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. மடியிலிருந்த டப்பாவின் சூடு குறைந்துகொண்டே வந்தது. கண்டக்டர் தொட்டுப் பார்த்து, "நாலரை இருக்கும்," என்றார். கேட் திறந்தபோது ஐந்து கடந்துவிட்டது.

லேப் வாசலில் நின்று மூடியைத் திருகினாள். விரல்கள் பிடிக்கவில்லை. காசிராஜன் கண்ணாடிக்குப் பின்னால் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எந்திரிச்சு வரணும்னா திங்கக்கிழமை ஆகணும்மா," என்றார்.

விரலுக்கு வேலை கொடுக்காதே, உள்ளங்கையால் அழுத்தித் திருகு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், பதற்றத்தில் தானே மறந்துபோனாள். தரையில் உட்கார்ந்து, டப்பாவை இரு கால்களுக்கிடையே இடுக்கி, உள்ளங்கையைப் பதித்து உடம்போடு சேர்த்துத் திருப்பினாள். முழங்கால் இரண்டும் உயிர்போக வலித்தன. மூன்றாம் முறை மூடி அசைந்தது.

திங்கட்கிழமை வெளியே வந்து லேப் வாசற்படிவரை பரவியது. காசிராஜன் எழுந்தார். பதினாறு தாளையும் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினார். டாக்டர் ஓடிவந்து, ஒரு காலைத் திங்கட்கிழமைக்குள் வைத்து நின்றபடி ரெஜினாவின் தாளைப் படித்தார். சீட்டில் மஞ்சள் மாத்திரையைக் குறுக்கே அடித்து, முறிப்பு ஊசியை எழுதி, "ஓடுங்க சிஸ்டர்," என்றார். பிறகு மற்ற பதினைந்து சீட்டுகளையும் வாங்கி அடித்தார்.

மிச்சம் ஒரு மேசையளவு திங்கட்கிழமை இருந்தது. செண்பகவல்லி அதை மூடி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். மீனாம்பிகையின் மேசைக்கு அது சரியாக இருந்தது. மனுவில் இரண்டு கோரிக்கைகள்: கிழமைகள் ஏழும் வேண்டும், ரத்த ரிப்போர்ட்டை எந்தக் கிழமையானாலும் அன்றன்றே தர வேண்டும். முத்திரை விழுந்த கையோடு மேசையில் வியாழக்கிழமை ஆனது.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் ரெஜினா அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள். செண்பகவல்லி வார்டுக்கு வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதாள்.

பதினெட்டு வியாழக்கிழமைகள் முடிந்ததும் இரண்டு கோரிக்கைகளும் நிறைவேறின. மறுநாள் புதன்கிழமை. கறிக்கடைக்காரர் பரணைப் பார்த்துக்கொண்டார். மீனாம்பிகை ஆளனுப்பிச் செண்பகவல்லியை வரச் சொன்னாள்.

"பதினெட்டுல ரெண்டுதான் நெசமான வியாழக்கிழமை. மிச்சம் பதினாறையும் முன்கூட்டியே செலவழிச்சிருக்கோம்க்கா. ஐப்பசி வரைக்கும் ஊருக்கு வியாழக்கிழமை கிடையாது."

மூட்டுவாதப் பிரிவு வியாழக்கிழமை மட்டும் என்ற விதி அப்படியேதான் இருந்தது. செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இறந்தவங்க செலவழிக்காத வியாழக்கிழமை இருந்தா வாரிசு வாங்கலாம்," என்று மீனாம்பிகை பதிவேட்டைப் புரட்டினாள். "உங்க வீட்டுக்காரர் பேர்ல நெறைய கெடக்கு."

வீட்டுக்காரர் சங்கரபாண்டி ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாற்பத்து மூன்று வயதில், ஒரு புதன்கிழமை மாரடைப்பில் போனார். அன்று காலையில்தான் அவளுடைய விரல் வீக்கத்தைப் பார்த்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. வாரிசுச் சான்றிதழை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். மேலே இருப்பதிலிருந்து வரிசையாகத்தான் தருவோம் என்றாள் மீனாம்பிகை.

மறுநாள் வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமையில் தூறல் இருந்ததால் ஊரில் தூறியது. செண்பகவல்லி ரெஜினாவைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வரிசையில் ஏழாவது ஆளாகச் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் அவள் பெயருக்கு எடுத்த சீட்டு இருந்தது.

"எங்க போயிட்ட? கூப்பிடப் போறாங்க," என்றார். "கையக் காட்டு."

அவள் நீட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்தைக்கு இருந்ததுக்குக் கொஞ்சம் கூடித்தான் இருக்கு. நல்லவேளை, உடனே வந்துட்டோம்."

"ஆமா," என்றாள் செண்பகவல்லி.

ஏழாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.