போர்டுக்குள் இருந்து எடுத்தது

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற நர்ஸம்மா பதினோரு மணிக்கே வந்து நின்றாள். வயர்மேனுக்கு அதுவே பிடிக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள் ஏதாவது விற்க வந்த ஆளாகத்தான் இருக்கும்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஆறு வாரம். இருபத்திரண்டு வயசு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதல் தடவை புத்தி தடுமாறுகிறவர்களை முற்ற விடாமல் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு குழுவாம். டாக்டர் ஒருத்தர், நர்ஸ் ஒருத்தி, உட்கார்ந்து பேச ஒருத்தர், வேலைக்குத் திருப்பி அனுப்ப ஒருத்தர். ஒரு பெண்ணுக்கு நாலு பேரா என்று வயர்மேன் முனகினார். நாலு பேர் கூடிய இடத்தில் டீ ஓடும், வேலை ஓடாது. அது அவர் கண்ட உண்மை.

ஆனால் அந்த வீட்டு மாடிப்படி ஏறி வர நர்ஸம்மாவை விட்டால் வேறு நாதியில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள், விஷயம் தெரிந்த நாள் முதல் போனைக்கூட எடுப்பதில்லை, என்னவோ ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி.

"மாத்திரை எப்படிம்மா போகுது?" என்றாள் நர்ஸம்மா.

"நிறுத்திடலாம்னு இருக்கேங்க்கா."

"ஏன், தூக்கமா வருதா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம். எனக்குத்தான் வியாதியே இல்லையே. இப்ப காதுல கேக்கற குரல் குறைஞ்சிருக்குன்னா அது மாத்திரையால இல்ல. ஒட்டுக் கேக்கற மெஷினையெல்லாம் அப்பா எடுத்துட்டாரு. அதான்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். கருகின கண்டென்சர், ஒயர்த் துண்டு, பித்தளைத் திருகு. மொத்தம் பதினொன்று.

"அப்பா முப்பது வருஷமா வயர்மேன். அவருக்குத் தெரியாதா?"

நர்ஸம்மா வயர்மேனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதம், சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து கேட்கிறார்கள் என்று மகள் அஞ்சு நாள் கண் மூடவில்லை. இல்லை என்று சொல்லிச் சொல்லி இவர் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆறாம் நாள் பையிலிருந்து ஒரு பழைய கண்டென்சரை இடது உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போர்டைக் கழற்றினார். "இந்தா பார் பாப்பா, மாட்டிக்கிச்சு!" மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அப்புறம் குழந்தை மாதிரி தூங்கினாள். எந்த டாக்டருக்கும் வராதது தனக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கு அவருக்கு ஒரு மிதப்பு. ரெண்டு நாள் கழித்து, "அடுத்த போர்டுலயும் இருக்குப்பா" என்றாள். பதினொரு போர்டு. அதற்குப் பின்னும் அடங்காமல் அவள் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரி.

அடுப்படியில் நர்ஸம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வச்சதாய்யா?"

"தூங்கட்டும்னு பண்ணேன்."

"புரியுது. ஆனா இப்ப மாத்திரையை நிறுத்தினா மறுபடி வர வாய்ப்பு அதிகம். நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

"அப்ப நான் சொல்லணுமா? உலகத்துல அவ நம்பற ஒரே ஆளு நான். அதையும் பிடுங்கணுமா? சொன்ன பிறகு அவ என்ன பண்ணுவா?"

"தெரியாதுய்யா. கோபப்படலாம். பேசாமலே இருக்கலாம். நான் பக்கத்துல இருப்பேன்."

தெரியாது என்று ஒரு படித்த ஆள் வாயால் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக அவளைக் கொஞ்சம் நம்பலாம் என்று தோன்றியது.

கூடத்துக்கு வந்து நின்றபடியே சொன்னார். "பாப்பா, அதெல்லாம் என் பையில கிடந்த குப்பை. போர்டுல ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

மகள் சிரித்தாள். "அக்கா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல பாப்பா."

"நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்? உள்ளேருந்துதான் எடுத்தே."

வயர்மேன் மெயினை அணைத்தார். ஃபேன் நின்றது. டப்பாவிலிருந்து ஒரு கண்டென்சரை எடுத்து இடது கையில் ஒளித்தார். போர்டின் நாலு திருகையும் கழற்றி, உள்ளே விரலை விட்டு, "இந்தா பார், மாட்டிக்கிச்சு" என்றார். பதினொரு தடவை சொன்ன அதே வார்த்தை.

"இன்னொரு தரம்."

செய்தார்.

"மெதுவா."

மெதுவாகச் செய்தார். மடங்கின மோதிரவிரலுக்குக் கீழே துண்டு தெரிந்தது. அவள் குனிந்து அதையே பார்த்தாள்.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

"முதல் நாள்லேருந்தே நீ என்னை நம்பல."

மகள் டப்பாவை அவர் காலடியில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. நர்ஸம்மா வெளியே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவு கொஞ்சம் திறந்தது, அவளுக்கு மட்டும்.

வாரம் ஒன்று ஓடியது. வீட்டில் ரெண்டு பேர், ரெண்டு தட்டு, பேச்சு இல்லை. மாத்திரையை அவள் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள், நிறுத்தவில்லை. டப்பா குப்பைக்குப் போனது. ஆனால் இவர் டீ கொண்டுபோனாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், இடது கையைப் பார்ப்பாள்.

அடுத்த செவ்வாய் காலை, கையிலிருந்த மாத்திரை தீர்ந்துபோக, புது அட்டை அலமாரியின் மேல் தட்டில், அவளுக்கு எட்டாமல் இருந்தது. அவர் வலது கையால் எட்டி எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்தக் கை?"

வயர்மேன் இடது கையை முன்னால் கொண்டுவந்து அஞ்சு விரலையும் விரித்துக் காட்டினார். பழைய ஷாக் தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. அவள் புரட்டிப் பார்த்தாள். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

படியில் நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மணி பதினொன்று. வயர்மேன் விரித்த கையை மடக்காமலே போய்க் கதவைத் திறந்தார்.