பிளான் வருமுன் ஏறிய சுவர்

என் கணவர் வினோஜன் வாழ்க்கையில் ஒரு கல்லைக்கூட எடுத்து வைத்தவர் இல்லை. ஆனால் நோர்வூட் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் நிற்பதால், வீடு கட்டுவது தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு நினைப்பு.

"கொழும்புல இப்பல்லாம் பிளான் முடியிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க, சுலக்ஷனா. வரையுறது ஒரு பக்கம், கட்டுறது ஒரு பக்கம். மழைக்கு முன்னாடி சுவர் ஏறிரும்" என்றார்.

முழு பிளானும் கைக்கு வராமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்றேன் நான். நாங்கள் கட்டப்போகும் வீட்டைப் பற்றி எனக்கு இருந்தது ஒரே ஆசை. தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் அந்த ஒற்றையறைக் காம்பராக்களை விட்டு, வெளியேற வேண்டும். பக்கத்துக் காம்பராவில் ராசம்மா அக்கா இருமினால் எங்கள் சுவர்க் கடிகாரம் ஆடும். பிறந்ததும் லயம், வாழ்க்கைப்பட்டதும் லயம். போதும் போதும் என்றாகிவிட்டது.

பேசிப் பேசி அவரே ஜெயித்தார். ஹட்டனில் வீட்டுப் பிளான் போட்டுக்கொடுக்கும் டிலுக்ஷி எங்கள் பிளானை வரைந்துகொண்டிருந்தாள். இங்கே மேசன் இராமையா அண்ணன் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் சமையலுக்குக் குசினி. அதை ஒட்டி ஒரு அறை. அதை ஒட்டி இன்னொன்று. உள்ளே எங்கே வழி வரும் என்று தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு வாசல் விட்டுவைத்தார்.

"பிளான் வந்ததும் உள்பக்கம் திறந்துக்கலாம்மா" என்றார்.

சுவர்கள் இடுப்பளவு வந்தபோது ராசம்மா அக்கா வீட்டைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனவர், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"நல்லா இருக்கு புள்ள. அந்தக் கடைசிக் காம்பரா யாருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரே நேர்கோடு. வரிசையாக வாசல்கள். சொந்த மண்ணில், எங்கள் செலவில், நாங்களே ஒரு லயம் கட்டிக்கொண்டிருந்தோம்! இராமையா அண்ணனும் லயத்தில் பிறந்தவர்தானே, கை தானாக அந்த வழியில் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

"வேலைய நிப்பாட்டுங்கண்ணே!"

"மழை வரப் போகுதேம்மா."

"வரட்டும்! பிளான் வர்ற வரைக்கும் இனி ஒரு கல்லு ஏறக் கூடாது."

வழக்கமாக இந்த இடத்தில் வினோஜன் கொழும்பைப் பற்றி ஏதாவது எடுத்துவிடுவார். அன்றோ, குசினியிலிருந்து கடைசிவரை ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு கனத்த இரும்பு அலவாங்கை எடுத்துக் கடைசிச் சுவரில் ஓங்கிக் குத்தினார். சாந்து இன்னும் காயவில்லை. கற்கள் பொலபொலவென்று சரிந்தன.

"ஐயோ தம்பி, அப்ப அந்தக் காம்பரா யாருக்கும் இல்லையா?" என்று பதறினார் ராசம்மா அக்கா.

"இல்லக்கா" என்றார் வினோஜன், மறுபடி அலவாங்கை ஓங்கிக்கொண்டே. "எங்களுக்கே வேணாம்."