ஒற்றை மூக்கில் நின்றவள்

பேச்சியம்மாவுக்கு வாய் உண்டு. அந்த வாயில் எதற்கும் பஞ்சமில்லை. பிறந்தது மலையகத் தோட்டத்தில், கலவரத்துக்குத் தப்பி வந்தது மன்னார்க் கரைக்கு, சண்டைக்குப் பயந்து வள்ளமேறிப் போனது இராமேஸ்வரத்துக்கு, முகாமில் பாதி வயதைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து குந்தியது இலுப்பைக்கடவையில். போன இடமெல்லாம் நாலு சொலவடையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். கட்டியதுதான் கட்டினாள், ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலோடு அல்லவா முடிந்துவைத்திருந்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்த அன்று ஊரையே கூப்பிட்டு, "இப்பதான் வயித்தில புளியை வார்த்த மாதிரிக் கிடக்கு" என்றாள். சந்தோசத்துக்கு வார்ப்பது பால், பயத்துக்குக் கரைப்பதுதான் புளி என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. "என்ர வயிறு, என்ர புளி" என்றுவிட்டாள்.

அப்படிப்பட்டவளும் கூட்டத்துக்கு வருகிறாள் என்றதும் மாதர் சங்கத்துக்குக் காய்ச்சல் பிடித்தது.

விஷயம் சின்னதல்ல. கடலுக்குப் போகும் ஒரே பாதையின் குறுக்கே இறால் பண்ணைக்காரர் வேலிக்கென்று முதல் கட்டையை நட்டுவிட்டார்கள். விடிய எழும்பி வலையில் நண்டு கழற்றப் போகும் பெண்கள், வேலி எழும்பினால், சேற்றுத் தரவை வெளியைச் சுற்றித்தான் போகவேண்டும். சுற்றிக்கொண்டு திரும்பி வருவதற்குள் நண்டு செத்துவிடும். செத்த நண்டை லொறிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். பாதை போனால் அடுப்பும் போச்சு.

வேலிக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்று பார்க்கக் கொழும்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஸப்ராஸ் என்ற பொடியனைக் கூட்டிவந்திருந்தார். ஊர்ப் பொதுமண்டபத்தில் கதிரை போதாமல் பாதிச் சனம் நின்றது.

சங்கச் செயலாளர் சுவேதினி படித்த பிள்ளை. "பேச்சியக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், இண்டைக்கு நீங்கள் வாய் திறக்காதேங்கோ. சனம் சிரிக்கப் போகுது" என்று காதோடு சொன்னாள். பேச்சியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சிரித்தால் சிரிக்கட்டும், பாதையை விட்டுவிட்டு அழுவதற்கு அது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

பண்ணை மனேஜர் திரையில் படம் போட்டுக் காட்டி, அந்தப் பாதையை இப்போது ஒருவரும் பாவிப்பதில்லை என்றார். சுவேதினி எழுந்து பணிவாக, அழகாக, தயவுகூர்ந்து கவனிக்கும்படி கேட்டாள். பெரியவர் தலையாட்டி, கவனிப்போம் என்றார். சொல்லிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தார்.

அவ்வளவுதான். பேச்சியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினாள்.

"ஐயா, எவ்வளவு காலத்துக்கு எங்கட காதில மிளகாய் அரைப்பியள்? நடக்கிற பாதையை நடக்கேல்லை எண்டு சொல்லி எங்கட வயித்தில மண்ணைத் தூவாதேங்கோ."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தலையில் அரைக்கவேண்டிய மிளகாயைக் காதில் அரைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஸப்ராஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமி, இந்த அம்மாவும் தயவாய்க் கவனிக்கச் சொல்லித்தான் வேண்டுகிறா என்று சிங்களத்தில் சொல்லி முடித்தான்.

அங்கேதான் பிழை விட்டான். தோட்டத்தில் பிறந்து, தெற்கிலிருந்து வரும் நண்டு லொறிக்காரரோடு வருசக்கணக்காய் மல்லுக்கட்டியவளுக்கா சிங்களம் தெரியாது?

"தம்பி, நான் வேண்டேல்லை. நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

"அம்மா, அப்பிடிச் சொன்னால் அவருக்கு விளங்காது."

"விளங்காட்டிக் கேப்பார்தானே. கேக்கட்டும்."

ஸப்ராஸ் தயங்கினான். அவள் காத்திருக்கவில்லை. எங்கள் காதில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று தானே சிங்களத்தில் போட்டு உடைத்தாள். பெரியவர் பேனையைக் கீழே வைத்தார். தன் உத்தியோக காலத்தில் இப்படியொரு முறைப்பாட்டை அவர் கேட்டிருக்கமாட்டார். யார் அரைப்பது என்று கேட்டார்.

பேச்சியம்மாவின் விரல் மனேஜரின் மூக்குக்கு நேரே நீண்டது. "இவர்தான். பாதையில ஆளில்லை எண்டவர். எழும்பி வாங்கோ ஐயா, காட்டுறன்."

பெரியவர் எழும்பினார். மண்டபமே பின்னால் போனது.

பாதையைப் பற்றி ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மிதிபட்டு மிதிபட்டு மணல் வாய்க்காலாய்த் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் நண்டுக் கால்களும் அறுந்த வலைத் துண்டுகளும் கிடந்தன. அன்று விடிய நடந்த தடம் இன்னும் அழியவில்லை; அந்தத் தடத்தின் நடுவில்தான் கட்டை நின்றது. மனேஜரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. இதில் ஒரு கேற் வைத்துப் பூட்டுப் போடுகிறோம், பூட்டின் திறப்பு பண்ணைக் கந்தோரில் இருக்கும், வேண்டிய நேரம் கேட்டு வாங்கலாம் என்றார். பெரியவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பேச்சியம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. முகாமில் எத்தனை வருசம், வெளியே போகவும் உள்ளே வரவும் கேற்றடியில் நின்று கேட்டிருக்கிறாள்! போய்க் கட்டைக்கு முன்னால் மணலில் குந்திவிட்டாள்.

"எங்கட கடலுக்குப் போக இனி ஒருத்தரிட்டயும் திறப்புக் கேக்கமாட்டன். பாதை முழுசாய் வேணும். அதில நாங்கள் ஒற்றை மூக்கில நிப்பம்."

பிடிவாதக்காரர் ஒற்றைக் காலில் நிற்பார்கள். மூக்கில் எப்படி நிற்பது என்று சுவேதினி திருத்த வருவாள் என்றுதான் பேச்சியம்மா நினைத்தாள். சுவேதினி செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தாள். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஓம் ஐயா. நாங்கள் ஒற்றை மூக்கில நிப்பம்" என்றாள், படித்த வாயால், ஒரு சொல் பிசகாமல்.

மற்றப் பெண்களும் வந்து குந்தினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்பிடியே சொல்லட்டோ அம்மா?" என்று கேட்டான் ஸப்ராஸ்.

"அப்பிடியே சொல்லுங்கோ."

அவன் அப்படியே சொன்னான். பெரியவர் தன் மூக்கை ஒருதரம் தடவிக்கொண்டார். குந்தியிருந்த பெண்களைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். பிறகு மனேஜரிடம் திரும்பி, இதைப் பிடுங்குங்கள், பாதையை விட்டுத் தள்ளி அங்கால் போட்டால்தான் வேலிக்கு அனுமதி என்றார்.

இரண்டு பேர் ஆட்டி ஆட்டிக் கட்டையை வெளியே எடுத்தார்கள். பேச்சியம்மா எழும்பிப் போய் அந்தக் குழியைக் காலாலேயே மணல் தள்ளி மூடினாள்.

"இப்பதான் பிள்ளை, வயித்தில புளியை வார்த்த மாதிரிக் கிடக்கு."

"எனக்கும் புளிதான் அக்கா" என்றாள் சுவேதினி.