இருநூறு மணி நேரம்

என் நாத்தனாரின் வெளிநாட்டுப் பயணம் கெட்டதற்கு நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பத்து வருடமாக வாயே திறக்காத மனிதருக்கு இப்போதுதான் நாக்கு முளைத்திருக்கிறது. நான் என்ன பாவம் செய்தேன்? ஒரு பொய் சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நாத்தனார் என் முதல் பிரசவத்துக்கு வந்தவள். அப்போது மாமியார் காலமாகி மூன்று மாதம். தனியாகக் கிடந்த பெண், இருபது வயது, ஒரு பச்சைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அந்தப் பெட்டி அதற்குப் பிறகு கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. பெரியவளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, சின்னவளுக்கு மூன்று.

எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கே கிளம்பிவிட வேண்டும். ஊசி ஏறினதே தெரியாது என்று பெயர் வாங்கியவள் நான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் அவள் பாடு. சின்னவள் அவளுடைய காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். என் காதைக் கொடுத்துப் பார்த்தேன். தட்டிவிட்டாள், கழுதை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "குழந்தைங்கள யாரு பாத்துக்கிறா?" என்று நிலையத்தை நடத்துகிற டாக்டரம்மா கேட்டார். "முழுநேரத்துக்கு ஒரு பொண்ணு வச்சிருக்கேன் மேடம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. "பரவாயில்லையே! கொடுத்து வச்சவ நீ" என்றார். கூட இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு வாய் தவறாமலேயே அப்படித்தான் சொல்லிவந்தேன்.

போன வருடம் அவளுக்கு இந்தப் பித்து பிடித்தது. கலாச்சாரப் பரிமாற்ற வேலை விசாவாம். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றோடு அங்கே ஒரு வருடம் தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, பாதி நாள் கல்லூரியில் படிக்கலாமாம். இருபத்தேழு வயது பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவளுக்கு நான்கு மாதம் மிச்சமிருந்தது.

போனைக் குழாயில் சாய்த்து வைத்துக்கொண்டு, பாத்திரம் தேய்த்தபடியே அந்த ஊர் பாஷையை முணுமுணுப்பாள். "யாருக்குடி பாடம் எடுக்கிற, வாணலிக்கா?" என்பேன். சிரித்துக்கொள்வாள். நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் நேர்காணலில் தேறிவிட்டேன் என்று வந்து நின்றாள். அங்கே ஒரு குடும்பம் அவளையே கேட்டதாம். அவர்கள் வீட்டு இரட்டைக் குழந்தைகள் திரை வழியாக இவளுக்கு முத்தம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. இருநூறு மணி நேரம் குழந்தை பார்த்த அனுபவத்துக்குச் சான்று. ஆனால் சொந்தக்காரர் குழந்தைகளாக இருக்கக் கூடாது.

அவள் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தாள். ஆறு வருடத்தில் இருபத்தோராயிரம் மணி நேரத்துக்கு மேல். அதில் ஒரு மணிகூடச் செல்லாது. அத்தை பார்த்தால் அது வேலையே இல்லையாம்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரிப்பு.

"எதிர் ஃபிளாட் குழந்தைய ஒரு மாசம் பாத்துக்கிட்டா போதும், அண்ணி. அவங்க எழுதிக் குடுப்பாங்க."

"அப்ப என் புள்ளைங்க தெருவுல நிக்கணுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இருந்தேன். என் வீட்டுக்காரர் பேருந்து டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையில் இருக்கிறார். பேருந்து எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் கருத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மனிதர் உட்கார்ந்து கைப்பட ஒரு கடிதம் எழுதினார். 'இவர் ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். உறவினர் அல்ல.' கீழே குழந்தைகளின் அம்மா என்று என் போன் நம்பர். கூப்பிட்டு விசாரிப்பார்களாம்.

"கூடப் பொறந்தவள வேலைக்காரின்னு எழுத உங்களுக்குக் கை கூசல?" என்றேன்.

"ஆறு வருஷமா யாருக்கும் கூசலயே" என்றார்.

நாத்தனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவங்க கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க அண்ணி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"சொல்றேன்டி. எனக்கென்ன வந்துச்சு?" என்றேன். சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் சொல்லத்தான் நினைத்தேன்.

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். விசா அலுவலகத்துப் பெண். தன்மையாகப் பேசினாள். "உங்க வீட்ல வேலை பாக்கிறவங்களப் பத்திக் கேக்கணும், மேடம்."

எனக்கு அவள் போன மறுநாள் காலை ஆறரை மணி கண் முன்னால் வந்தது. ஒரு கையில் அழுகிற சின்னவள், ஒரு கையில் பால் பாத்திரம். இவளோ விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பயம். பயத்தைவிடப் பொறாமை அதிகம். இருபத்தாறு வயதில் என்னை யார் எங்கே அனுப்பினார்கள்?

"வேலைக்காரியா? ஐயையோ, யாருங்க அப்படிச் சொன்னது? அவ எங்க வீட்டுப் பொண்ணு. என் வீட்டுக்காரரோட சொந்தத் தங்கச்சி. என் புள்ளைங்களுக்கு அத்தை. அவளப் போய் வேலைக்காரின்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

ஒவ்வொரு வார்த்தையும் மனதாரத்தான் சொன்னேன். அது நடிப்பில்லை. அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். உள்ளே போய் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்தேன். வலிக்கவே இல்லையம்மா என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

"போன் வந்துச்சு, நல்லபடியா சொல்லிட்டேன்" என்று வீட்டில் சொன்னேன். அன்றைக்கு என்னுடைய வெள்ளைக் கோட்டு நான்கையும் அவள் இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே, "நிராகரிச்சுட்டாங்க" என்றாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, யாரு கண்ணு பட்டுச்சோ! விடுடி, நமக்குக் கொடுத்து வைக்கல. அவங்க கெடக்குறாங்க!"

என் தோளில் மோவாயை வைத்தபடியே அவள் அடுத்த வரியைப் படித்தாள். "குழந்தைகளின் தாயார் தொலைபேசியில் அளித்த தகவலின்படி, விண்ணப்பதாரர் நெருங்கிய உறவினர். பொய்யான சான்று அளித்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது."

காரணம் எழுதுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் மெதுவாக விலகிக்கொண்டாள். அழவில்லை.

"உண்மையத்தானே சொன்னேன்? நீ எங்க வீட்டுப் பொண்ணு இல்லையா?" என்று கத்தினேன்.

"ஆமா" என்றாள்.

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம். "டீ வச்சிருக்கேன், மேடம்."

முதலில் சிரித்தேன். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் அறைக்குள் தட்டாமல் வருவதில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழந்தைகளுக்கு அத்தை போய் 'அக்கா' ஆகிவிட்டாள். வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். "அண்ணின்னு கூப்பிட்டுத் தொலையேன்டி" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "பரவாயில்ல மேடம்" என்றாள். அவளுக்கு இருபத்தேழு பிறந்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்குத் திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தாள்.

போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். டாக்டரம்மா தன் வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. நாத்தனார் தட்டில் டீ கொண்டுவந்து நீட்டினாள். சின்னவள் காய்ச்சலோடு கை நீட்டி, "அக்கா, தூக்கு" என்றாள்.

"ஓ, நீ சொல்லுவியே, அந்தப் பொண்ணா இது?" டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருஷமாம்மா இங்க இருக்க?"

"ஆறு வருஷம் மேடம்."

"என் பேத்திக்கு ஆள் தேடித் தேடி அலுத்துப்போச்சு. எங்க வீட்டுக்கு வந்துடறியா? ராணி மாதிரி வச்சுக்கிறேன்."

"இவங்க ஒரு வார்த்தை சொன்னா வரேன் மேடம்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. உன் வீட்டு வேலைக்காரிதானே? நம்பி விடலாமா?"

வாசற்படியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். இல்லை, என் நாத்தனார் என்று சொன்னால் இத்தனை வருடம் நிலையத்தில் நான் கட்டிவைத்த கௌரவம் அத்தனையும் நாறிவிடும். திங்கட்கிழமை யார் முகத்தில் விழிப்பேன்? ஆமாம் என்றால் நாளைக் காலை ஆறரைக்கு எனக்கு ஆள் இல்லை. இரண்டையும் போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். கௌரவம்தான் ஜெயித்தது.

"ஆமா மேடம், வேலைக்காரிதான்" என்றேன். "நம்பி விடலாம். நல்ல பொண்ணு."

நாத்தனார் தட்டை மேசைமேல் வைத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே, அண்ணி" என்றாள். குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பச்சைப் பெட்டியை இழுத்தாள்.

டாக்டரம்மாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அண்ணியா?" என்றார்.