போர்டின் நெற்றி

புதுச்சத்திரத்தில் ராசப்பன் அண்ணனின் கோழிப்பண்ணையில், விரிசல் முட்டைகளை ஒதுக்கவேண்டிய என் இயந்திரம் நல்ல முட்டைகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டது. விரிசல் விட்டவை நிம்மதியாக அட்டைத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

“ஏனுங்க அம்மிணி, நல்லவிங்களைத் தொரத்தறதுக்கு மிசினு எதுக்குங்க? அதை மனுசரே செய்வமல்ல?” என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நான் முழுதாக வடிவமைத்த முதல் இயந்திரம் அது.

பெல்ட்டில் வரும் முட்டையைக் கேமரா படம் எடுக்கும். எஃப்.பி.ஜி.ஏ. போர்டு அதை ஈதர்நெட் கேபிளில் கணினிக்கு அனுப்பும். விரிசல் தெரிந்தால் கணினி ஒரு சின்னக் கையை ஆட்டும். நொடிக்கு ஆயிரம் மெகாபிட் போகவேண்டிய இடத்தில் நூறுதான் போனது. படம் தாமதமாகச் சேர, பின்னால் வந்த அப்பாவி முட்டைக்கு அடி விழுந்தது.

நான் முதலில் சந்தேகப்பட்டது என்னை. எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளிருக்கும் சுற்றையே நாம் எழுதி அமைக்கும் சில்லு. எது நடந்தாலும் நம் எழுத்தைக் குற்றம் சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதிக்காகவே இந்த வேலைக்கு வந்தேனோ என்னவோ. எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் இதே போர்டு ஆயிரத்தில் ஓடியது. அதை மறந்து காலை முழுக்க என்னையே குடைந்தேன். உடன் வேலை செய்யும் மதன் போனில், “கேபிளை மாத்துங்க” என்றான். மாற்றினேன். நூறுதான்.

“திருஷ்டிங்க” என்று ராசப்பன் மனைவியைக் கூப்பிட்டார். வள்ளியாத்தாள் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கேபிளைப் பிடுங்கச் சொல்லி, போர்டு இருந்த பெட்டிக்குத் தாராளமாகப் பொட்டு வைத்தார். திரும்ப மாட்டினேன். இணைப்பு விளக்கே அணைந்துவிட்டது. நூறும் போயிற்று.

வாழ்க்கையில் முதன்முறையாக இன்னொருவரைச் சந்தேகித்தேன். இனிப்பாக இருந்தது.

“ஏனுங்கக்கா, மொதல்ல கொண்டாந்தப்பவும் பொட்டு வெச்சீங்களா?”

“புது மிசினுக்கு வெக்காம? மூஞ்சி எதுன்னுதான் தெரீல. இந்த ஓட்டை வாயாட்ட இருந்துச்சு. வாய்க்கு மேல நெத்திதான சாமி?”

“மூக்கை உட்டுப்போட்டயே புள்ள” என்றார் ராசப்பன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் மாட்டும் ஓட்டைக்குள் சந்தனம் வழிந்திருந்தது. ஓரத்துக் கம்பிகளில் காய்ந்த பழையது, மீதியெல்லாம் புதியது. கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். நூறுக்கு இரண்டு போதும். ஓரத்து ஜோடி பேசாமல் போனதும், போர்டும் கணினியும் யாரிடமும் புகார் சொல்லாமல் நூறுக்கு இறங்கி வாழப் பழகிவிட்டன. எனக்கு மிகவும் தெரிந்த குணம். மாமியார் வீட்டில் நான் பேசுவதும் நூறில்தான்.

கரண்டை நிறுத்தி, கோழிக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் ஒரு பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன்.

“அது பழசில்லீங்க, என்னோடதுங்க” என்றார் ராசப்பன், மெதுவாக.

காய்ந்ததும் கேபிளை மாட்டிக் கரண்டைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஆயிரம். அடுத்து வந்த விரிசல் முட்டையைக் கை சரியாக ஒதுக்கியது. ராசப்பன் முட்டையைத் தூக்கிப் பார்த்து, “இருக்கட்டுமுங்க, கழட்ட வேண்டாம்” என்றார்.

“ரெண்டாவது பொட்டுக்குத்தான் கேட்டுருக்குது” என்றார் அக்கா. மறுக்கத் தோன்றவில்லை, அது இல்லையென்றால் நான் இன்னும் என்னையே குடைந்துகொண்டிருப்பேன். ஆனால் அவர் கை மறுபடியும் கிண்ணத்துக்குப் போனது.

“அக்கா! அங்க வேண்டாமுங்க!” என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. முழு ஆயிரம்.

“பொறவு எங்க வெக்கறது?”

பெட்டியின் மூடியைக் காட்டினேன். “இதுக்கு நெத்தி உச்சியில இருக்குதுங்க.”

ஆபீசுக்குத் திரும்பியதும், அடுத்த பெட்டிக்கான வரைபடத்தில் மூடியின் நடுவே ஒரு சின்ன வட்டம் போட்டேன். மதன் பார்த்துவிட்டு, “இது என்ன துளை?” என்றான்.

“துளை இல்லை, நெற்றி” என்றேன்.