பச்சையை ஊற்றியது யார்

ரேடியேட்டரின் வாய்க்குள் வைதேகி விட்ட, சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி பாதியிலேயே நின்றது. அழுத்திப் பார்த்தாள். கொழகொழவென்று ஏதோ தடுத்தது. வெளியே இழுத்தபோது குச்சியில் தண்ணீர் இல்லை. சேற்று நிறத்தில், ஆறிப்போன களி மாதிரி ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது.

"வைதேகி! வாய்க்கரிசி போடணும், பண்டாரம் கூப்பிடுறாரு. இங்க என்ன பண்றே?"

ரஞ்சன் சித்தப்பா கார்பார்க்கின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். அப்பாவின் ஒரே தம்பி. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கப் போவது அவர்தான். காலையில் மீசையை மழித்திருந்தார். மீசையில்லாத அந்த முகம் யாரோ ஒருவருடையது போல இருந்தது.

"வர்றேன்," என்றாள். குச்சியிலிருந்ததைக் கையிலிருந்த காலி ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் வழித்துப் போட்டு மூடினாள்.

சித்தப்பா பாட்டிலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வேனுக்குப் பதினான்கு வயது. சிங்கப்பூர் தேக்காவில் இட்லி மாவு வியாபாரம் செய்யும் ராமலிங்கத்துடையது. காலையில் சித்தப்பா ஓட்டுவார், மதியத்துக்கு மேல் அப்பா. மூன்று வாரத்துக்கு முன்னால், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் குறைந்துபோயிருந்தது. வேனில் இருந்தது ரோஸ் நிறம். ஸ்டோரில் பழைய லாரிக்கு வாங்கிய பச்சைக் கூலன்ட் பாட்டில் ஒன்று கிடந்தது. "எல்லாம் தண்ணிதான் லா, இதையே ஊத்து," என்றார் முதலாளி. சித்தப்பா ஊற்றினார்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா அதைச் சொன்னபோது வைதேகிக்குப் பகீரென்றது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். படித்தது வேதியியல். "நிறம் வெறும் சாயம்பா. உள்ள இருக்கிற மருந்து வேற வேற. சில வகைய ஒண்ணாக் கலந்தா ஒண்ணையொண்ணு கெடுத்துக் கட்டியாயிடும். குழாய் அடைச்சுக்கும், எஞ்சின் கொதிக்கும். முழுசா வடிச்சுக் கழுவாம ஓட்டாதீங்க."

"பால் திரியுற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"முதலாளிகிட்ட சொன்னா ரஞ்சன் தலையிலதான் விடியும். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குது. நான் தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிறேன். நீ வாயத் திறக்காத."

அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வயதில் அவள் அப்பா சொல்லைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நேற்று மதியம் தோ பாயோ திருப்பத்துக்குச் சற்று முன்னால், விரைவுச்சாலையில் வேன் புகைந்து நின்றது. முதலாளி போனிலேயே விரட்டினாராம். வேறு வேன் வருகிறது, எல்லா வாளியையும் அதில் ஏற்று, வெயிலில் மாவு புளித்துவிடும். முப்பத்து நான்கு வாளிகள். அப்பாவுக்கு அறுபத்தொரு வயது. பத்தொன்பதாவது வாளியைத் தூக்கியபடியே சரிந்தார் என்று அந்த வேன் டிரைவர் அழுதுகொண்டே சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வேனை இழுத்துவந்து இங்கே, அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிறுத்தியிருந்தார்கள். இன்று உடைக்கக் கொண்டுபோகிறார்களாம். என்ன அவசரமோ.

புளோக்கின் கீழ்த்தளத்தில் நீலக் கூடாரத் துணிக்குள் அப்பா படுத்திருந்தார். வைதேகி அரிசியைப் போட்டாள். தலைமாட்டில் அம்மா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ராமலிங்கம் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். போட்டார், கும்பிட்டார், மின்விசிறிக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பரமசிவம் மாதிரி ஒரு மனுசன் கிடைக்காது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ன, கூலன்ட்டதான் மாத்தி ஊத்திட்டாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எஞ்சினும் போச்சு, ஆளும் போயிட்டாரு."

கூட்டத்தில் ரெண்டு பேர் 'த்சு' கொட்டினார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார்.

ராமலிங்கம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "இன்ஷூரன்ஸ்காரன் கேக்குறான்மா. நீதான் படிச்ச பொண்ணு. குடும்பத்து சார்பா ஒரு சைன் போட்டுடு."

வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் சின்ன வயதிலிருந்தே அவள்தான் படிப்பாள். இதையும் நின்றபடியே படித்தாள். ஓட்டுநர் பரமசிவம் யாரையும் கேட்காமல் தவறான கூலன்ட்டை ஊற்றினார். வாளிகளைத் தன் விருப்பப்படி தூக்கினார். நல்ல ஆங்கிலம். பிழையே இல்லை.

ஊறுகாய்ப் பாட்டிலை அவர் முழங்கால் அருகே நாற்காலியில் வைத்தாள்.

"இது உங்க ரேடியேட்டர்ல இருந்து எடுத்தது. பச்சைய யாரு ஊத்தச் சொன்னது அங்கிள்?"

"சாவு வீட்டுல பேசுற பேச்சாம்மா இது?"

"சாவு வீட்டுக்குப் பேப்பர் கொண்டு வந்தது நீங்க."

"படிச்ச திமிரு," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"ஆமா, திமிருதான்," என்றாள் வைதேகி, திரும்பாமலே.

பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மண்டாயில எரிக்க மூணு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க. வண்டி நிக்குது. கொள்ளி வைக்கிறவரு வாங்க, குடத்தைத் தோள்ல வைங்க."

சித்தப்பா எழுந்தார். வைதேகி குறுக்கே போய் நின்றாள்.

"நீங்க குடத்தைத் தொடாதீங்க சித்தப்பா."



"அண்ணனே ஒண்ணும் சொல்லலியே வைதேகி," என்றார் சித்தப்பா, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "நீ ஏன்மா?"

"அது அவரு உங்களுக்குக் குடுத்தது. உயிரோட இருந்தப்ப குடுத்தாரு. இப்ப அவரால பேச முடியாது, அதனால எல்லாத்தையும் அவரு மேல போட்டு எரிச்சுடலாம்னு பாக்குறீங்க. தப்பு பண்ணினது அண்ணன்தான்னு எழுதின பேப்பர் இங்க இருக்கு. அத வச்சுக்கிட்டே அவருக்குக் கொள்ளி வைப்பீங்களா? முடியாது. நானே வச்சுக்கிறேன்."

"வேலை போயிடும்மா."

"தெரியும்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியும். சித்தப்பாவின் சின்னவள் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறாள். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதே வைதேகிதான். ஆனாலும் அவள் நகரவில்லை.

அம்மா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். கொழுந்தனாரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா மழித்த மேலுதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு ராமலிங்கத்தின் முன்னால் போய் நின்று காகிதத்தை வாங்கினார். பேனாவையும் அவரே கேட்டு வாங்கினார். அண்ணன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமானது. அதை அடித்தார். மேலே தன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் ஒவ்வொன்றாக எழுதினார்.

"அண்ணன் இல்ல. நான்தான் ஊத்தினேன்."

"டேய் ரஞ்சன், நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா இல்லியா?"

"முதலாளி ஊத்தச் சொன்னாரு, ஊத்தினேன்," என்றார் சித்தப்பா, இப்போது கூட்டத்தைப் பார்த்து. "சூடாகுதுன்னு அண்ணன் ரெண்டு தடவ வந்து சொன்னாரு. முதலாளி ஓட்டுன்னாரு."

வைதேகி காகிதத்தை வாங்கி, அவர் சொன்னதை அப்படியே அடியில் எழுதினாள். பிழை பார்க்கவில்லை. சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.

"குடும்பமாடா இது?" ராமலிங்கம் எழுந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கார்பார்க் பக்கம் நடந்தார்.

பண்டாரம் தொண்டையைச் செருமினார். "குடம்?"

வைதேகி விலகினாள். தண்ணீர் நிரம்பிய மண்குடத்தை அவளே தூக்கிச் சித்தப்பாவின் இடது தோளில் வைத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நின்று குடத்தில் ஓட்டை போட வேண்டும். பண்டாரம் கத்தியை நீட்டி, எந்த ஆண் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

முதல் குத்தில் தண்ணீர் பீச்சி, சித்தப்பாவின் வெற்று முதுகில் இறங்கியது. அவர் சிலிர்த்து நின்றுவிட்டார்.

"நடங்க சித்தப்பா."

நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்து, ராமலிங்கம் விட்டுப்போன நாற்காலியின் கால்களைச் சுற்றித் தேங்கியது.